சிற்றூரைத் தேடிச் சென்ற பள்ளி

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிச் சின்னாளபட்டி என்னும் நெசவூர் உள்ளது. கிழக்கே சிறுமலைத் தொடர் நீண்டு கிடக்கிறது. அருகிலேயே அம்பாத்துரைப் புகைவண்டி நிலையம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய 1875ஆம் ஆண்டு முதலே அவ்வழியாக வண்டிகள் ஓடின. எனினும், சுற்றியிருந்த சிற்றூர்களில் கல்வி நெடுங்காலம் வந்து சேரவில்லை. வீட்டுத் தறியில் கைகொடுக்கவும், ஆடு மாடு மேய்க்கவும் சிறுவர்கள் தேவைப்பட்டனர். சிறுமியரோ தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து திரிந்தனர். அவர்களுக்கு ஏடு எடுக்கப் பொழுது ஏது?

இவ்வட்டாரத்தில்தான் 1947ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். இராமச்சந்திரன் திருவனந்தபுரத்துக்காரர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர், காந்தியடிகளின் மாணவர். சௌந்தரம் அம்மையார் 1904ஆம் ஆண்டு பிறந்தவர். மதுரையில் பேருந்துத் தொழிலால் புகழ்பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்தம் தந்தையார். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆயினும் இளமையிலேயே மணம் முடிந்து, இளமையிலேயே கணவரை இழந்தார் அம்மையார். அந்நாளில் கைம்பெண்ணுக்கு வீட்டின் ஒரு மூலையே உலகம். அவரோ டில்லி சென்று மருத்துவம் கற்று, 1936இல் பட்டம் பெற்றார். 1940இல் காந்தியடிகளின் வாழ்த்துடன் இராமச்சந்திரனை மணந்தார். சாதியும் மொழியும் கடந்த மறுமணம் அது. அதற்கு எத்துணைத் துணிவு வேண்டியிருந்தது என்பதை இன்று நாம் எளிதில் உணர இயலாது.

மருத்துவர் ஒருவர் பள்ளிகளை நாடியது ஏன்? சின்னாளபட்டியில் முதலில் தோன்றியது ஒரு சிறு மருத்துவ நிலையமே. பேறுகாலத்தில் வந்த தாயைக் காக்க மருத்துவரால் இயலும். ஆனால் அவள் வீடு திரும்பியபின் தூய நீரின் தேவையையும், குழந்தைக்கு ஏற்ற உணவையும் எடுத்துச் சொல்ல அவ்வூரில் ஒருவர் வேண்டுமே! பட்டணத்திலிருந்து வந்துபோகும் ஒருவரால் அது நடவாது. ஊரோடு ஊராய் வாழும் ஆசிரியையே அதற்கு உரியவர். அன்னை கஸ்தூரிபா 1944இல் மறைந்தபின் அவர் பெயரால் அமைந்த அறநிதி, சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகள் ஆகியோர் நலத்தையே நோக்கமாகக் கொண்டது. அதன் தமிழ்நாட்டுப் பொறுப்பை ஏற்றிருந்த அம்மையார், கிராம சேவிகைகளைப் பயிற்றுவிக்கலானார். அவ்வாறு பயின்றவர்களுள் கணவனை இழந்தவரும், கணவனால் கைவிடப்பட்டவரும் இருந்தனர். நல்ல காரியங்களுக்கு எதிரே வரலாகாது என்று ஊர் ஒதுக்கிய பெண்களே, ஊர்க் குழந்தைகளை மடியில் இருத்தி எழுத்தறிவித்தனர். அம்மையார் செய்த பணிகள் பலவற்றுள் இதுவே தலையாயது எனலாம்.

காந்திகிராமப் பள்ளிகள் ஆதாரக் கல்வியைப் பின்பற்றின. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் வகுத்த முறை இது. தாய்மொழியில் ஏழாண்டுக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பித்தல் என்பன அதன் கூறுகள். சிறுவன் தக்ளியில் நூல் நூற்கிறான் எனக் கொள்வோம். நூற்ற இழைகளை எண்ணும்போது கணக்கு வருகிறது. பஞ்சு எம்மண்ணில் விளையும், எவ்வளவு மழை வேண்டும் என்று கேட்கும்போது புவியியல் வருகிறது. நம் நாட்டு நெசவு நலிந்த கதையைச் சொல்லும்போது வரலாறு வருகிறது. தறியோசை கேட்டே வளர்ந்த சின்னாளபட்டிப் பிள்ளைக்கு இவை அயலான செய்திகள் அல்ல.

ஆனால், இம்முறையைப் பெற்றோர் எல்லாரும் விரும்பி ஏற்றனர் என்று எண்ணிவிடலாகாது. “வீட்டில்தான் வேலை இருக்கிறதே, பள்ளியிலும் வேலையா?” என்னும் ஐயம் நாடெங்கும் எழுந்தது. 1953இல் சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. குலத்தொழிலிலேயே பிள்ளைகள் கட்டுண்டு கிடப்பரோ என்று மக்கள் அஞ்சி எதிர்த்தனர். அடுத்த ஆண்டு அது கைவிடப்பட்டது. அந்த அச்சம் நியாயமானதே. ஆதாரக் கல்வியின் நோக்கமோ வேறு. எக்குலத்துப் பிள்ளையாயினும் ஒரே தக்ளியை ஏந்த வேண்டும், ஒரே துடைப்பத்தை எடுக்க வேண்டும் என்பது அது. எனினும் தேர்வும் பட்டமும் வேலைக்கு வாயிலான காலத்தில், இவ்வேறுபாட்டைப் பெற்றோர்க்கு விளக்குவது கடினமாயிற்று. நாளடைவில் நாட்டில் பெரும்பாலான ஆதாரப் பள்ளிகள் ஏனைய பள்ளிகளைப் போலவே மாறிவிட்டன.

காந்திகிராமம் வேறு வழியிலும் வளர்ந்தது. ஆதரவற்ற சிறுமியர்க்கு ஔவை ஆசிரமம் அமைந்தது. 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கியது. அம்மையார் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்று, நடுவண் அரசின் கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கினார். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் இயற்கை எய்தினார். உயர்கல்வி நிலையம் 1976இல் பல்கலைக்கழக நிலை பெற்றபோது, இராமச்சந்திரனே அதன் முதல் துணைவேந்தரானார். பெட்டி படுக்கையுடன் சிற்றூருக்குச் சென்று, சில நாள் அங்கேயே தங்கிப் பணியாற்றுதல் அங்குப் பயிலும் மாணாக்கர்க்குப் பாடத்தின் ஒரு பகுதியாயிற்று.