உட்கார ஓர் இடம்

கேள்வி: சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். மாலுக்கு ஒருமுறை போனாலே கைக்காசு கரைகிறது. குறைந்த செலவில் எங்கே போகலாம்?

பதில்: மாலில் நீங்கள் காபிக்குக் கொடுப்பதில் பெரும்பங்கு, ஏசி அறையில் ஒரு நாற்காலிக்கான வாடகைதான். அந்த நாற்காலியை ஊரே உங்களுக்காக வாங்கிப் போட்டிருக்கிறது. 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சொந்தப் புத்தகத்தோடு போனாலும் உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. குழந்தைகள் பிரிவின் நடுவே கிளை விரித்து நிற்கும் அந்தச் செயற்கை மரத்தையும் ஒருமுறை பாருங்கள். போக்குவரத்துச் செலவு இடிக்குமே என்பீர்கள். பறக்கும் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான், நூலகத்துக்குப் பக்கத்திலேயே நிலையம் இருக்கிறது.

நூலகத்தில் நண்பர்களோடு வாய்விட்டுப் பேச முடியாது என்பது நியாயமான குறை. அதற்குக் கடற்கரை இருக்கிறது. பெசன்ட் நகருக்குச் சாயங்காலம் போய், ஒரு பொட்டலம் சுண்டலோடு இருட்டும்வரை பேசலாம். மார்கழி வந்தால் சபாக்களில் பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். பெயர் பெற்றவர்கள் மாலையில்தானே பாடுகிறார்கள் என்று ஒதுக்காதீர்கள். பகலில் பாடுகிறவர்கள் பலர் உங்கள் வயதுக்காரர்கள், அரங்கில் கூட்டமும் குறைவு. முன்வரிசையில் உட்கார்ந்தால் மிருதங்கக்காரரின் விரல்கள்கூடத் தெளிவாகத் தெரியும்.