நாடகத்துக்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள்

வேலூரிலிருந்து மெட்ராஸ் போகிறோம் என்றால் பக்கத்து வீட்டில் முதலில் கேட்பது, "யாருக்குக் கல்யாணம்?" அது இல்லையென்றால், "ஏர்போர்ட்டா?" நாடகம் பார்க்க என்று சொன்னால் பேச்சு ஒரு நிமிஷம் நின்றுவிடும். "அதான் யூடியூப்லயே வருதே" என்பார்கள். வருகிறதுதான். ஆனால் அரங்கமே சிரிக்கும்போது, காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நடிகர் கையைப் பாதியில் நிறுத்தி, சிரிப்பு அடங்குகிற அந்த நொடிக்காகக் காத்திருந்து அடுத்த வசனத்தைப் போடுவாரே, அதை நேரில்தான் பார்க்க வேண்டும். கிரேஸி மோகன் நாடகங்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்த ஆட்கள் வேண்டும். அவர் 2019இல் காலமான பிறகும் தம்பி மாது பாலாஜி குழுவோடு அந்த நாடகங்களை மேடையேற்றி வருகிறார்.

பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு நானும் வீட்டுக்காரரும் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. காலையில் ரயில், மயிலாப்பூரில் ஒரு சுற்று, சாயங்காலம் நாடகம், ராத்திரியே வீடு. லாட்ஜ் கிடையாது. சொந்தக்காரர் வீடும் கிடையாது. (அங்கே தலையைக் காட்டிவிட்டால் நாடகத்துக்கு விடமாட்டார்கள், சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார்கள்.)

எந்த நாடகம் என்று முடிவானதும் முதலில் எடுக்க வேண்டியது திரும்பும் டிக்கெட். சபா நாடகத்துக்குப் பெரும்பாலும் பகல் காட்சி கிடையாது. பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை என்று வளர்ந்த கலை இது. ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் (யு.ஏ.ஏ.) நாடகக் குழுவின் பெயரிலேயே 'அமெச்சூர்' இருக்கிறது. கிரேஸி மோகனும் முதலில் சுந்தரம் கிளேட்டனில் இன்ஜினீயராக இருந்தவர்தான். ஆகவே ஆறரைக்கோ ஏழுக்கோ தொடங்கி, ஒன்பதை ஒட்டி முடியும். எங்களுக்குத் தோதான பெங்களூர் மெயிலும் ஏற்காடு எக்ஸ்பிரஸும் சென்ட்ரலில் பத்தரைக்கு மேல்தான் கிளம்புகின்றன, வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடியில் நிற்கின்றன. சிலீப்பரில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கு வாங்கிவிடுவார்கள், காட்பாடி 130 கிலோமீட்டர்தான் என்றாலும். அது தண்டச்செலவு என்று இவர் ரொம்ப நாள் முணுமுணுத்தார். அன்ரிசர்வ்டில் ஒருமுறை நின்றுகொண்டே வந்ததோடு முணுமுணுப்பு நின்றது.

கிழமை முக்கியம். ஞாயிற்றுக்கிழமை நாடகங்கள் நிறைய இருக்கும், ஆனால் அன்றைக்கு ராத்திரி பெங்களூர் பக்கம் போகிற வண்டியெல்லாம் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறவர்களால் நிரம்பிவிடும். லோக்கல் ரயில்களும் ஞாயிறன்று குறைவு. எங்கள் ஓட்டு சனிக்கிழமைக்கு. மாதம் என்று பார்த்தால் கோடை. டிசம்பரில் மேடைகளைக் கச்சேரிகள் எடுத்துக்கொண்டுவிடும். ஏப்ரல், மே வாக்கில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் வரிசையாக வரும். வெயில் கொளுத்தும்தான். வேலூர்க்காரர்களிடம் வெயிலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

புது நாடகம் என்றால் ஒரு எச்சரிக்கை. முதல் மேடையேற்றம், நூறாவது மேடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் உண்டு. இதைக் கடைசிக் காட்சிக்கு முன்னால் வைக்கிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். முடிவு தெரியாமல் யார் எழுந்து போவார்கள்? உள்ளூர்க்காரர்களுக்குச் சரி, ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த அரை மணி நேரம் வயிற்றில் புளியைக் கரைக்கும். இரண்டாவது, மூன்றாவது மேடையில் பார்த்தால் பேச்சும் இருக்காது, நடிகர்களுக்கும் வசனம் படிந்திருக்கும். அது மெம்பர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சியா, வெளியாருக்கும் டிக்கெட் உண்டா என்பதைச் சபாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. பாரதிய வித்யா பவனில் பல நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். அங்கே சீக்கிரம் போனவருக்கு இடம்.

சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்வார்கள். எதிர்ப்பக்கம் பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் ஒரு டீ விலைக்குள் திருமயிலை. படிக்கட்டுதான் கொஞ்சம் அதிகம். மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் சாலைகளைத் திருப்பி விட்டிருப்பதால், ஆட்டோவில் போனவர்கள் நமக்குப் பிறகுதான் வந்து சேருவார்கள். மதியம் கபாலி கோயில் நடை சாத்தியிருக்கும், நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள். அதுவரை வடக்கு மாட வீதியில் எனக்குப் பாத்திரக் கடை, இவருக்கு கிரி டிரேடிங்கில் புத்தகம். அவரவர் வழியில் பிரிந்து போய்விடுவது எங்கள் உடன்படிக்கை. முழு நாளும் ஒட்டிக்கொண்டே திரிந்தால் சாயங்காலத்துக்குள் சண்டை வந்துவிடும். பாத்திரம் வேண்டாம், சிலை போதும் என்பவர்கள் எழும்பூர் மியூசியம் போகலாம், வெள்ளிக்கிழமை தவிர. செப்புத் திருமேனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. அதே வளாகத்தில்தான் மியூசியம் தியேட்டர். வெள்ளைக்காரன் காலத்து அரங்கம், அங்கேயும் நாடகம் போடுவார்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். நாடகம் முடிந்து ஏசி ஹோட்டலில் உட்கார்ந்து நிதானமாக டின்னர் என்பது இவருடைய ஆசை. கல்யாண நாளன்று அதையும் பார்த்துவிட்டோம். ஒன்பதரைக்குப் போனால் வாசலில் பேர் எழுதிக் காத்திருக்க வேண்டும், ஆர்டர் எடுக்க ஆள் வருவதற்குள் மணி பத்து. 'நான்' ரொட்டி என்று சொன்னால் "இல்லை", பரோட்டா என்று சொன்னால் "முடிஞ்சிடுச்சு சார்". சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை, அடுப்பை அணைக்கிற நேரம் அது.

மயிலாப்பூரின் உச்ச நேரம் சாயங்கால டிபன். நாலு மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் எண்ணெய் காய்கிற வாசனையே வேறு. கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இருக்கிறது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இடம் குறைவு, முறை வரும்வரை வெளியே நிற்க வேண்டும். அங்கே எனக்குக் கெட்டிச் சட்னி. பச்சை மிளகாய் காரம் நாக்கில் ஏறி, சூடான காபி பட்டதும் இன்னும் ஒரு சுற்று ஏறும். அவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ்ஸில் கீரை வடை, அடை. பவனில் நாடகம் என்றால் இன்னும் சௌகரியம், இரண்டும் ஒரே வீதி. பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் ஜன்னல் வழியாகவே பஜ்ஜி நீட்டுவார்கள், நின்றபடி சாப்பிட வேண்டும். என் முழங்காலுக்கு அது ஒத்துவராது.

ஐந்து, ஐந்தரைக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டு, ராத்திரிக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி பார்சல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் டின்னர் வேலை முடிந்தது. சட்னி, சாம்பார் பொட்டலம் வேண்டாம். அரங்கத்துக்குள் யாராவது மிதித்தால் மானம் போகும்.

அரங்கத்தில் முன்வரிசை கௌரவமானதுதான், ஆனால் பெரும்பாலும் விருந்தினருக்கும் டோனர்களுக்கும் போய்விடும். நடுவில் ஆறிலிருந்து பத்தாவது வரிசைக்குள் உட்காருங்கள். சிரிப்புச் சத்தத்தில் வசனம் முழுகினாலும் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். விளக்கணைத்துக் காட்சி மாற்றுகிற அந்தச் சில நொடியில் இரண்டு பையன்கள் சோபா உறையை உருவி வேறு உறை போட்டு, பணக்கார வீட்டை நடுத்தர வீடாக்கிவிட்டு ஓடுவதும் அந்த வரிசையில் மங்கலாகத் தெரியும். எனக்கு நாடகத்தில் பிடித்த பாதி அதுதான். ஏசி குளிருக்கு ஒரு சால்வை அவசியம்.

முடிந்ததும் கைதட்டல், நடிகர் அறிமுகம், பிறகு வாசலில் ஆட்டோவுக்குக் கூட்டம். அறிமுகம் முடியும்போதே ஒருவர் செயலியில் வண்டி பதிந்துவிட வேண்டும், அது இவர் இலாகா. ஆழ்வார்பேட்டை நாரத கான சபா பக்கம் என்றால் தேனாம்பேட்டை வரை ஆட்டோ, அங்கிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ. செங்கல்பட்டு பக்கத்துக்காரர்கள் எதிர்த்திசையில் கிண்டி போய் லோக்கல் மாறிக்கொள்ளலாம்.

இட்லியைச் சென்ட்ரல் பிளாட்பாரத்தில் சாப்பிட்டுவிடுங்கள், வண்டிக்குள் அந்நேரம் விளக்கணைத்திருப்பார்கள். படுத்ததும் இரண்டு போனிலும் அலாரம் வையுங்கள், ஒன்று போதாது. காட்பாடியில் வண்டி ஒன்றிரண்டு நிமிஷம்தான் நிற்கும், தூங்கிவிட்டால் ஜோலார்பேட்டை. காலையிலேயே ஸ்கூட்டரை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போவது உத்தமம். அந்த வேளையில் காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஆட்டோ கேட்கிற பணத்தில் இன்னொரு நாடக டிக்கெட்டே வாங்கிவிடலாம்.