லோடிங் லேட்டா? முதல்ல டிஸ்க்கைப் பாருங்க

சின்ன காஞ்சிபுரத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம்ம பசங்க, கேம் லோடு ஆக லேட்டானா உடனே நெட் பிளானை மாத்தணும்னு கிளம்பிடுவாங்க. பெரும்பாலும் வீண் செலவு. வாலரன்ட் மாதிரி கேம்களில் மேப், டெக்ஸ்சர் எல்லாம் ஏற்கெனவே நம்ம டிஸ்க்கில்தான் இருக்கு, பக்கத்துத் தெருத் தறியில் ஜக்கார்டு அட்டையை முன்னாடியே கோத்து வைத்திருப்பது போல. அதை ரேமுக்கு ஏற்றும் நேரம்தான் லோடிங்கில் பெரும்பகுதி.

ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 மெகாபைட் தரும். சின்னச் சின்ன ஃபைல்கள் சிதறிக் கிடந்தால் அதுவும் படுத்துவிடும். சாட்டா எஸ்எஸ்டி 500. 100 மெகாபிட் இணைப்போ நொடிக்கு 12.5 மெகாபைட்தான் (பிட் வேற, பைட் வேற!). அது அப்டேட் இறக்க உதவும்.

ஆட்டத்துக்குள் முக்கியம் பிங். மும்பை சர்வருக்குப் போய்வர சுமார் 2000 கி.மீ.; ஃபைபரில் ஒளிக்கே 10 மில்லிசெகண்ட் பிடிக்கும். 300 மெகாபிட் போட்டாலும் அது குறையாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சு லோடு பண்ணிப் பாருங்க. டிஸ்க் 100% காட்டினா, எஸ்எஸ்டிக்குக் காசு சேருங்க.