முழு மாடல் நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரியில் இடமும் உறுதியானதும், உறவிலும் தெருவிலும் என்னைத் தேடுகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். "அண்ணே, பொண்ணுக்கு ஒரு சிஸ்டம் வாங்கணும். ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டின்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?" கேள்வியில் மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றுமே பாதி எண்கள். இந்த வியாபாரத்தில் அப்பட்டமாகப் பொய் சொல்கிறவர்கள் குறைவு. பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறவர்கள் மீதிப் பாதியைக் கேட்டு வாங்குவதற்காக இதை எழுதுகிறேன். விலை எதையும் குறிப்பிடவில்லை. ரேம் விலை இப்போது ஏறுகிற வேகத்தில் அது அச்சேறுவதற்குள் பழசாகிவிடும்.

1. கடைக்குப் போவதற்கு முன்னால், இந்த மெஷினில் என்ன வேலை நடக்கப்போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். "எல்லாத்துக்கும்தான்" என்று எழுதாதீர்கள். அப்படிச் சொல்கிறவரிடம்தான் கடையிலேயே விலை கூடின மாடலைத் தள்ளிவிடுவார்கள். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, யூடியூப், ரயில் டிக்கெட் என்றால் புதிய தலைமுறை ஐ3 தாராளம். பிள்ளை கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்திருக்கிறாள், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓட்டுவாள் என்றால் 16 ஜிபி ரேமுக்குக் கீழே போகாதீர்கள். கல்யாண வீடியோ எடிட்டிங், 3டி, பெரிய கேம் இவைதான் பணத்தைக் கேட்கிற வேலைகள்.

2. விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு லேப்டாப். வீட்டில் ஒரே மேசையில் இருக்கப்போகிறது என்றால் டெஸ்க்டாப். அதே பணத்துக்கு வேகம் கூடுதல். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான்கு வருடம் கழித்து ரேம் போட, டிஸ்க் போட இடம் இருக்கும். இதில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

3. பிராசசர். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வருடத்தில் வந்த இன்டெல் பிராசசர்களுக்குள் உள்ள தரவரிசை. வருடம் மாறினால் அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. ஐ7-4770 வந்தது 2013-இல். ஐ3-12100 வந்தது 2022-இல். இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் அந்த ஐ3 இந்த ஐ7-ஐ எளிதாகத் தாண்டிவிடும், மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கத்தில்தான் தலைமுறை இருக்கிறது: 12400 என்றால் பன்னிரண்டாவது, 8500 என்றால் எட்டாவது, 3470 என்றால் மூன்றாவது. "ஐ5 சார்" என்று மட்டும் எழுதிய கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்து, முழு நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

நம் ஊர்களில் 'அசெம்பிள் செட்' என்ற பெயரில் ஒன்று ஓடுகிறது. கேபினட் புதுசு, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும், கீபோர்டும் மவுஸும் புதுசு, மதர்போர்டுகூடப் புதுசாகத் தயாரித்ததுதான். ஆனால் அது எச்61 போர்டு. 2011-இல் வந்த சிப்செட். அதில் உட்கார்ந்திருப்பது எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் களைத்த மூன்றாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்காது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கிறது.

பழையது வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அலுவலகங்கள் கழித்த பிராண்டட் டெஸ்க்டாப், ஐ5-8500 மாதிரி எட்டாம் தலைமுறை, பழையது என்று சொல்லியே விற்றால், கையில் பணம் குறைவாக உள்ள வீட்டுக்கு அது நல்ல சரக்கு. ஆறு கோர் இருக்கிறது, விண்டோஸ் 11 ஓடும். பழையதைப் புதுசு என்று விற்பதுதான் பிரச்சினை.

நம்பரின் கடைசியில் வரும் எழுத்தையும் பாருங்கள். 12400எஃப் என்றால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. விலை குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் எஃப் வாங்கிவிட்டு, மதர்போர்டில் கோளாறு என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. கே என்று முடிந்தால் வீட்டுக்குத் தேவையில்லை. லேப்டாப்பில் யூ என்றால் பேட்டரியை மிச்சம் பிடிப்பது, எச் என்றால் வேகமானது, சூடாவது.

இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியில் வேறு ஒரு தந்திரம். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டும். 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3. 4 என்றால் ஜென் 4. 7520யூவில் நான்கு கோர், 7530யூவில் ஆறு. விளம்பரத்தில் இரண்டுமே 'ரைசன் 5, 7000 வரிசை'தான். இன்டெலும் 2023 கடைசியில் புதிய லேப்டாப் பிராசசர்களுக்கு 'ஐ'யை விட்டுவிட்டு 'கோர்', 'கோர் அல்ட்ரா' என்று பெயர் மாற்ற ஆரம்பித்தது. படித்தவர்களுக்கே தலை சுற்றும். முழு நம்பரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கூகுளில் போட்டு, எந்த வருடம் வந்தது, எத்தனை கோர் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். போதும்.

4. ரேம். இன்றைக்கு 8 ஜிபி ஓடும், 16 ஜிபி நிம்மதி. 4 ஜிபி யார் கொடுத்தாலும் வேண்டாம். அளவோடு சேர்த்துக் கேட்கவேண்டியது: ஒரே ஸ்டிக்கா, இரண்டா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் ரேமையேதான் படத்துக்கும் பயன்படுத்தும். அதற்கு 8+8 என்று இரண்டாகப் போட்டால், ஒரே 16-ஐவிட நன்றாக ஓடும். லேப்டாப்பில் இன்னொரு கேள்வி உண்டு: ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டோடு பற்றவைத்ததா? பற்றவைத்தது என்றால் இன்று வாங்கும் அளவுதான் கடைசி வரைக்கும்.

2025 கடைசியில் ஏஐ கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ள ஆரம்பித்ததால் ரேம் விலை ஒரேயடியாக ஏறியது. 16 கட்டுப்படியாகவில்லை என்றால், 8 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டு, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வாங்குங்கள். விலை இறங்கும்போது இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது, எது என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எஸ்எஸ்டி இல்லாத மெஷின் வேண்டவே வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100, 200 எம்பி படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை. என்விஎம்ஈ என்றால் மூவாயிரத்துக்கு மேல் போகும். 'எம்.2 எஸ்எஸ்டி' என்றாலே வேகமானது என்று நினைக்கிறார்கள். எம்.2 என்பது அந்த அட்டையின் வடிவம்தான், அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு. 'என்விஎம்ஈதானே?' என்று கேளுங்கள். மலிவு லேப்டாப்களில் வரும் ஈஎம்எம்சி என்பது செல்போனில் இருக்கிற மாதிரிச் சேமிப்பு. அதைத் தவிர்த்துவிடுங்கள். 512 ஜிபி வாங்கி வீட்டில் போட்டால் 476 என்று காட்டும். யாரும் திருடவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

6. "2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டும் சேர்த்துத் தர்றேன் சார்" என்றால் பெரும்பாலும் ஜிடி 710 ஆக இருக்கும். 2016-இல் வந்த சரக்கு. ரைசன் 5600ஜி பிராசசரில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதைவிட மேல். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

7. கரண்ட். கொட்டேஷனில் கடைசி வரியில் இருக்கும், ஆனால் நம் வீடுகளில் மெஷினைக் கொல்வது இதுதான்.

கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். காலி டப்பா மாதிரி இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். அதற்குப் போகும் கூடுதல் பணத்தைக் கலர் விளக்கில் குறைத்துக்கொள்ளலாம்.

யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று எழுதியிருக்கும். அது வாட் அல்ல. சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஒரு சிஸ்டம், ஒரு மானிட்டர், ஒரு மோடம் இவற்றுக்கு அது போதும். கரண்ட் போனால் வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கான சில நிமிடம் அது, படம் பார்க்க அல்ல. லேசர் பிரின்டரை அதில் செருகாதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் படுத்துவிடும். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போகும், அதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எர்த். கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று சுருக்கென்கிறது என்று போன் செய்வார்கள். மெஷின் நன்றாகத்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் எர்த் கம்பியை நம்பி இருக்கின்றன. அந்தக் கம்பி எங்கும் போகவில்லை என்றால் கசிகிற மின்சாரம் தகர உடம்பில் வந்து நிற்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் மாட்டும் கன்வர்ட்டர் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். புது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொட்டேஷனில் இல்லாத செலவு, ஆனால் முதல் செலவு.

8. மானிட்டர் 22 முதல் 24 அங்குலம், 1920×1080, ஐபிஎஸ் பேனல். லேப்டாப்பில் வெறும் 'எச்டி' என்று எழுதியிருந்தால் 1366×768 என்று அர்த்தம், 'ஃபுல் எச்டி' வேறு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், பிராசசர் மாறினாலும் கண் அதேதான்.

9. விண்டோஸ். "போட்டுத் தர்றோம் சார்" என்பதும் லைசென்ஸும் ஒன்றல்ல. திருட்டு விண்டோஸைத் திறக்க ஒரு கருவியை ஓட்டுகிறார்களே, அது உள்ளே வேறு என்னென்ன வைத்துவிட்டுப் போகிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதே மெஷினில்தான் நீங்கள் பேங்க் பாஸ்வேர்டை அடிக்கப்போகிறீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, ஆகவே 11 ஓடாத எதையும் புதுசாக வாங்காதீர்கள். லைசென்ஸுக்குப் பணம் இல்லை என்றால் உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் போடலாம், செலவில்லை. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருக்கிறது. டேலிதான் பிழைப்பு என்றால் மட்டும் விண்டோஸை விட முடியாது.

தமிழ் டைப் அடிக்கத் தனி மென்பொருள் வேண்டும் என்று சில கடைகளில் தனியாகக் காசு வாங்குகிறார்கள். வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்.

10. "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். குறைவது 18 சதவீத ஜிஎஸ்டி. கூடவே போவது வாரண்டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கவேண்டும். பிராசசர் பெட்டியோடு வருகிறதா, 'ட்ரே' என்று சொல்லி வெறும் சில்லாக வருகிறதா என்று கேளுங்கள். பெட்டியில் வரும் இன்டெல் பிராசசருக்கு மூன்று வருட வாரண்டி உண்டு. ட்ரேயாக வாங்கினால் நீங்கள் கடைக்காரரை மட்டுமே நம்பவேண்டும்.

சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் ஒரே பட்டியலை எழுதி மூன்று கடையில் விலை கேளுங்கள். பட்டியலை மாற்றச் சொல்லும் கடையில் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கும். ஆனால் தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ இருக்கிறவர் ஐந்நூறு, ஆயிரம் மிச்சம் பிடிக்கச் சென்னை வரை வராதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது அந்த ஆயிரம் பெரிதாகத் தெரியாது. உள்ளூரில் கடை வைத்திருக்கும் ஒரு நல்ல சர்வீஸ் பையன் அதைவிடப் பெறுமானம்.

11. பேசிய பணம் முழுவதையும் முன்னால் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுங்கள், மெஷின் கடையிலேயே ஓடட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் பிராசசரின் முழுப் பெயர், ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, டிஸ்க் எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா எல்லாம் இருக்கும். பில்லைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். அடுத்து, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டுங்கள். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அது காட்டும். புது டிஸ்க் என்றால் சில மணி நேரம்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் சண்டை போடவேண்டாம், அந்த எண்ணைக் காட்டி டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிய டிஸ்க்கிலும் அதையே ஓட்டிப் பார்த்துவிட்டு, புது சீரியல் நம்பரைப் பில்லில் ஏற்றச் சொல்லி, அதன் பிறகு மீதிப் பணத்தை எடுங்கள்.