த்ரீ நாட் த்ரீயும் காட்டுப்பன்றியும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். கீழே தென்னையும் திராட்சையும், மேலே ஏலமும் மிளகும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது காட்டுப்பன்றித் தொல்லை. ஒரே ராத்திரியில் மரவள்ளியைக் கிளறி, ஏலத்தட்டையைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். மறுநாள் டீக்கடையில் பன்றியைப் பற்றி ஆரம்பிக்கும் பேச்சு துப்பாக்கியில் வந்து நிற்கும். "ராணுவம் கழித்துப் போட்ட பழைய த்ரீ நாட் த்ரீ சல்லிசாகக் கிடைக்குமாமே, குழலைக் கொஞ்சம் வெட்டிக் கட்டையை மாற்றிக்கொண்டால் போதுமாமே" என்று யாராவது ஒருவர் சொல்வார்.

கிடைக்கும், ஆனால் இங்கே அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பியப் படைகளின் பழைய துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் இறங்கின. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் தபாலில் வீடு வந்து சேர்ந்தன. கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்க்கானோ துப்பாக்கியும் தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்குத் தபாலில் வாங்கப்பட்டதுதான். 1968-இல் வந்த சட்டம் அந்தத் தபால் வியாபாரத்தை முடித்துவைத்தது. மரக்கட்டையைச் செதுக்கி, குழலைக் குறைத்து, வேட்டைத் துப்பாக்கியாக மாற்றும் பழக்கம் அந்த மலிவுக் காலத்தில் அங்கே பரவியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு அப்படியொரு சந்தையைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆயுத விதிகளின் முதல் அட்டவணை .303, 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடக்கூடிய போல்ட் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கிறது. அவற்றுக்குக் கலெக்டர் அலுவலக உரிமம் போதாது, மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் 14 ஆண்டு.

"மஸ்கட் தப்பிவிடும், அதில் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரியே இல்லையே" என்பது விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் அடுத்த வாதம். இதற்குப் பின்னால் சுவாரசியமான வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் காவலர்களுக்காகவும் சிறைக் காவலுக்காகவும் கொல்கத்தா அருகே இஷாப்பூர் தொழிற்சாலையில், த்ரீ நாட் த்ரீ என்று நாம் சொல்லும் .303 லீ-என்ஃபீல்டுகளை .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். வரிகளை நீக்கிக் குழலை வழவழப்பாக்கினார்கள். தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரக்கட்டையைச் செருகி, ஒவ்வொன்றாகத்தான் போட்டுச் சுட முடியும் என்றாக்கினார்கள். தோட்டாவும் .303 கூடுதான், கழுத்துச் சுருக்கம் இல்லாமல் நேராக விடப்பட்டது. பறிபோனாலும் பறித்தவர் கையில் ராணுவத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி போய்ச் சேரக் கூடாது என்பதே நோக்கம். பின்னாளில் இவற்றில் பல அமெரிக்கச் சந்தைக்குப் போய், அங்கே சாதாரண .410 ஷாட்கன் தோட்டாவுக்கு ஏற்றபடி மறுபடி கடையப்பட்டன. இந்திய விதிகளோ .410 மஸ்கட்டைப் பெயர் சொல்லியே தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வரி இல்லை என்பதால் அது தோட்டத் துப்பாக்கி ஆகிவிடாது.

இஷாப்பூரின் 7.62 துப்பாக்கியைப் பற்றிய தவறான எண்ணம் படையில் இருந்தவர்களிடம்கூட உண்டு. பழைய த்ரீ நாட் த்ரீயின் குழலை மாற்றித்தான் 2ஏ, 2ஏ1 என்ற அதன் ரகங்களைச் செய்தார்கள் என்பார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு அறுபதுகளில் வந்த அவை புதிதாக, மேலும் உறுதியான எஃகில் செய்யப்பட்டவை. 7.62 தோட்டாவின் அழுத்தம் .303-ஐவிட அதிகம், பழைய உடலை நம்பி அதைப் போட முடியாது என்பதே காரணம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோட்டாப் பெட்டியிலேயே வித்தியாசம் தெரியும். .303-இல் பத்துத் தோட்டா பிடிக்கும் சரிவான பெட்டி, 2ஏ1-இல் பன்னிரண்டு பிடிக்கும் சதுரப் பெட்டி. .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், போல்டைத் தள்ளும்போது சிக்கிக்கொள்ளும். 7.62-க்கு அந்த விளிம்பு கிடையாது. தோற்றம் ஒன்றுபோல இருப்பதால் தோட்டாவையும் பாகங்களையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்து.

இதோடு ஒட்டியது, "ராணுவச் சரக்கு, எவ்வளவு பழசானாலும் கெடாது" என்ற நம்பிக்கை. லீ-என்ஃபீல்டு உறுதியானதுதான். கனடாவின் வடக்கே பனிக்காட்டு ரேஞ்சர்கள் பல பத்தாண்டுகள் அதையே சுமந்தார்கள். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடைகொடுத்தது. ஆனால் கழித்தது ஏன் கழிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கையெறி குண்டு ஏவப் பயன்படுத்திய துப்பாக்கிகளின் முன்கட்டையில் கம்பி இறுகச் சுற்றியிருக்கும். அவை மறுபடி தோட்டா சுடுவதற்கானவை அல்ல. என்.சி.சி. அணிவகுப்பில் தூக்கும் டி.பி. (டிரில் பர்ப்பஸ்) முத்திரைத் துப்பாக்கி அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும். போல்டிலும் உடலிலும் ஒரே எண் பொறித்திருப்பது சும்மா இல்லை. எண் மாறிய போல்டைப் போட்டால் தோட்டாவின் அடிப்பக்கம் சரியான இடைவெளியில் நிற்காமல் போகலாம், கூடு பிளந்து புகையும் உலோகமும் சுடுபவரின் முகத்துக்கே திரும்பலாம்.

அப்படியானால் கடையில் சட்டப்படி விற்கும் .315 வேட்டைத் துப்பாக்கி? அதையும் த்ரீ நாட் த்ரீயைக் கடைந்து செய்தது என்பார்கள். லீ-என்ஃபீல்டு அமைப்பில் பொதுமக்களுக்கென்றே செய்தது அது. ராணுவத் தோட்டா வெளியே புழங்கக் கூடாது என்பதால் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் 8 மி.மீ. மன்லிக்கர் தோட்டாவின் அளவை எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் உரிமம் கட்டாயம், தக்க காரணமும் காட்ட வேண்டும்.

தோட்டக்காரருக்கு உண்மையில் உதவக்கூடிய விஷயம் 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இருக்கிறது. பயிரைக் காப்பதற்கென்று மருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, வரியில்லாத துப்பாக்கிக்கும் தரலாம். சட்டம் வரியில்லாத குழலைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. த்ரீ நாட் த்ரீயின் குண்டு நொடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் கிளம்பும், அதன் குறிகாட்டியில் 2,000 கெஜம் வரை அளவு போட்டிருக்கும். ஏலத்தோட்டத்தில் பன்றியைத் தவறவிட்ட குண்டு அடுத்த சரிவில் காய் பறித்துக்கொண்டிருக்கும் பெண்கள் வரை போகும். வரியில்லாத 12 போர் துப்பாக்கியின் ரவைகள் அதைவிட வெகு முன்னாலேயே வேகம் இழந்துவிடும்.

உரிமம் கையில் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்பதும் பாதி உண்மைதான். கேரளத்தில் 2022 மே முதல் பஞ்சாயத்துத் தலைவருக்குப் பன்றியைச் சுட உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் உண்டு. உத்தரவு வந்த பிறகு, பட்டியலில் உள்ள உரிமதாரர் சுட வேண்டும், இறைச்சியைத் தொடக் கூடாது. தமிழ்நாட்டில் 2025-இல் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறைதான் சுடும், விவசாயி அல்ல. ஆக, சோதனைச் சாவடிக்கு மேலே ஒரு முறை, கீழே வேறு முறை. உரிமத்திலும் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். இடுக்கிக்கு மட்டும் தந்த உரிமத்தோடு துப்பாக்கியைத் தோளில் போட்டுக் கம்பத்துக்கு இறங்கினால் அது குற்றம். யானைக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள் நுழைந்த அரிக்கொம்பன் என்ற யானையை மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள்.

கடைசியாக, பட்டறையில் கொடுத்து 'சின்னதாக' ஒரு வேலை பார்ப்பது. குழலைக் குட்டையாக்குவதற்கும், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதற்கும் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி தனி உரிமம் வேண்டும். பட்டறைக்காரருக்கும் அப்படியே. இந்த வேலையைச் செய்துதரச் சொல்லி யாரையும் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி எதுவும் பரணில் கிடந்தால், அதைத் துடைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டாம். அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதற்கு வழி செய்திருக்கிறது. அது தடை வகையில் வராத துப்பாக்கியாக இருந்தால், வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.