நாய்க்குட்டியின் உணவும் நீண்டகால நலமும்

பால்மரக் கன்றை நட்ட மறு ஆண்டே எவரும் அதில் கத்தி வைப்பதில்லை. தண்டின் சுற்றளவு 45 சென்டிமீட்டரை எட்டும் வரை ஐந்தாறு ஆண்டுகள் உரமிட்டுக் காத்திருக்கிறோம். இளமையில் நலிந்த மரம் பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் தேறாது என்பது தோட்டப்புற மக்கள் நன்கறிந்த உண்மை. வீட்டில் வளரும் நாய்க்குட்டிக்கும் இது பொருந்தும். அதன் எலும்பும் பல்லும் தசையும் பெரும்பாலும் முதலாண்டிலேயே உருவாகின்றன. அப்போது நேரும் குறை வாழ்நாள் முழுவதும் தொடரும்.

பேராக் மாநிலத் தோட்டங்களில் நாய் நெடுங்காலத் துணை. பெற்றோர் விடியுமுன் மரம் வெட்டச் சென்றபின் லயத்து வீட்டைக் காத்தது அதுவே. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. ஈப்போ நகரை அடுத்த வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் நாய் வளர்க்கும் பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். அன்று மர நிரைகளுக்கிடையே ஓடித் திரிந்த நாய் இன்று வேலிக்குள் அடைபட்டிருக்கிறது. ஆகவே, அதன் உணவில் முன்னிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

பால் மறக்கும் பருவம்

முதல் மூன்று வாரம் தாய்ப்பாலே குட்டிக்குப் போதுமானது. நான்காம் வாரந்தொட்டு, வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்த குட்டித் தீனியை ஆறவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. தாயை இழந்த குட்டிக்குத் தேநீரில் ஊற்றும் இனிப்பு டின் பாலைக் கொடுப்பது தவறு. அதில் சர்க்கரை மிகுதி. குட்டிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் அதில் போதிய அளவில் இல்லை. நாய்க்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மாவே ஏற்றது.

வேளையும் அளவும்

குட்டியின் வயிறு சிறியது; ஒரே வேளையில் மிகுதியாக உண்ண இயலாது. மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையும் உணவளிக்கலாம். மரம் வெட்டச் செல்லுமுன், நண்பகலில் வீடு திரும்பியபின், மாலையில், உறங்கச் செல்லுமுன் என நான்கு வேளைகளைப் பிரித்துக்கொள்ளலாம். கால் மணி நேரத்தில் உண்ணாத மிச்சத்தை அகற்றிவிட வேண்டும். இரவில் கிடக்கும் தீனி எலிகளை ஈர்க்கும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நாயையும் மனிதரையும் ஒருங்கே தாக்கும். தூய குடிநீர் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும்.

எலும்புக்கு வேண்டிய சத்து

வெறும் சோறும் குழம்பும் உண்ணும் குட்டிக்குப் புரதம் போதாது. வெறும் இறைச்சியும் ஈரலும் உண்ணும் குட்டிக்கு வேறொரு கேடு நேரும். எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குறைவை ஈடுசெய்ய உடல் தன் எலும்பிலிருந்தே அச்சத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் கால்கள் வளையும். சிறிது குதித்தாலும் எலும்பு முறியும்.

வளரும் குட்டிக்கெனத் தயாரித்த உலர் தீனியில் இச்சத்துகள் சரியான அளவில் சேர்க்கப்பட்டுள்ளன. அதை முதன்மை உணவாகக் கொள்வதே பாதுகாப்பானது. வீட்டில் சமைப்போர் சோற்றுடன் வேகவைத்த கோழி அல்லது மீன், முட்டை, பூசணி ஆகியவற்றைச் சேர்க்கலாம். அரைக் கிலோ எலும்பற்ற இறைச்சிக்கு, கழுவிக் காயவைத்து நுண்மையாக அரைத்த முட்டையோட்டுப் பொடி அரைத் தேக்கரண்டி கலக்கலாம். சுண்ணாம்புச் சத்து என்றவுடன் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொடுத்துவிடலாகாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

குட்டித் தீனி உண்ணும் குட்டிக்குக் கால்சியம் மாத்திரை தேவையில்லை. அல்சேஷன் போன்ற பெரிய இனங்களுக்கு அது மிகுந்தால் எலும்பும் மூட்டும் கோணிப் போகும்.

கொழுப்பு நலமன்று

கொழுகொழுவென்ற குட்டியே நலமான குட்டி என்பது பரவலான எண்ணம். அது சரியன்று. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் இறுதிவரை கவனித்த ஆய்வொன்று 2002 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உடன்பிறந்த நாயைவிட 25 விழுக்காடு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

இதனால் குட்டியைப் பட்டினி போடவேண்டும் என்பதன்று பொருள். விலாவை விரலால் மெல்லத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கினால் இடை தெரிய வேண்டும். விலா தட்டுப்படாவிடில் அளவைக் குறைக்கலாம். விலா துருத்தி நின்றால் கூட்டலாம். வயிறு மட்டும் உப்பியிருப்பின் அது குடற்புழுவின் அறிகுறியாக இருக்கலாம். பிறந்த இரண்டாம் வாரந்தொட்டே கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி புழுநீக்க மருந்து கொடுத்தல் வேண்டும். நாயின் புழு முட்டைகள் மண் வழியாக நம் குழந்தைகளையும் அடையக் கூடும்.

விலக்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. ஆதலால் மீந்த குழம்பையும் சம்பலையும் குட்டிக்கு ஊற்றுதல் கூடாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட்டும், சர்க்கரைக்கு மாற்றாகச் சைலிட்டால் சேர்த்த மிட்டாயும் நஞ்சாகும். சமைத்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிள்ளைகள் அன்போடு தம் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பர். அவர்களுக்கு இவற்றை எடுத்துரைப்பது பெரியோர் கடமை.

குட்டி உணவை மறுத்தாலும், நொண்டினாலும், தொடர்ந்து கழிந்தாலும் காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். நம் வாயிலைக் காக்கும் உயிருக்கு நாம் செய்ய வேண்டியது பெருஞ்செலவன்று. முதலாண்டில் அளவறிந்து, வேளை தவறாமல் உணவிடுவதே. அதைச் செய்வோமாயின், நம் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் காலம்வரை அதுவும் உடனிருந்து நம்மைக் காக்கும்.