மறையெழுத்தும் அதனை உடைப்போரும்

"நயிள்ம் மற்றி ழிளா" என்னும் இவ்வரியை வாசித்துப் பாருங்கள். அச்சுப்பிழை என எண்ண வேண்டாம். ககரம் முதல் னகரம் வரையுள்ள பதினெட்டு மெய்களையும் குறித்ததோர் எண்ணளவு முன்னே தள்ளி, உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் மாற்றாது விட்டு எழுதப்பெற்ற மறையெழுத்து இது. னகரத்தைத் தாண்ட நேரின் மீண்டும் ககரத்திலிருந்து எண்ணுதல் வேண்டும். எத்தனை இடம் தள்ளினோம் என்பதே இதன் திறவுகோல். அதனை மட்டும் நாம் சொல்லவில்லை. முறை பகைவனுக்குத் தெரிந்திருப்பினும், திறவுகோல் தெரியாதவரை பூட்டுத் திறவாதிருத்தல் வேண்டும் என்பது 1883 ஆம் ஆண்டிலேயே கெர்க்கோஃப்ஸ் என்பார் வகுத்த விதி.

இதனை உடைக்க முனைவோன் எல்லாத் திறவுகோல்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். இருப்பவை பதினேழே. ஆயினும் இலக்கணம் கற்றவனுக்கு அவ்வளவு உழைப்பும் வேண்டியதில்லை. முதற்சொல்லின் இறுதியில் 'ள்ம்' என இரண்டு ஒற்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழில் ய், ர், ழ் ஆகிய மூன்றின் பின்னரே இவ்வாறு மற்றோர் ஒற்று நிற்கும். ஆகவே ளகரம் இம்மூன்றுள் ஒன்றன் மாற்றுரு. யகரம் எனக் கொண்டால் 'சணிய்ட்' என்று வரும். ரகரம் எனின் 'ஞதிர்ண்'. ழகரம் எனின் 'தமிழ்ப்'! எஞ்சிய இரு சொற்களையும் நீங்களே கண்டுகொள்வீர்கள். ஈரொற்று மயக்கம் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் முகஞ்சுளித்த மாணவர்க்கு நாம் தரும் விடையும் இதுவே.

மொழியின் இயல்பைக் கொண்டே மறையெழுத்தைத் தாக்கும் இக்கலை பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் அறிஞர், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என எண்ணிப் பார்த்து மறைபொருளை வெளிக்கொணரும் வழியை எழுதிவைத்தார்.

இதனை அறியாதார்க்கு நேர்ந்த கேட்டிற்கு ஸ்கொத்லாந்து அரசி மேரியின் கதை சான்று. இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டிருந்த அவர், 1586 இல் பாபிங்டன் என்னும் இளைஞருடன் மறையெழுத்தில் கடிதத் தொடர்பு கொண்டார். கடிதங்கள் பியர்ப் பீப்பாய்களுள் ஒளித்துக் கடத்தப்பட்டன. அவ்வழியை ஏற்படுத்திக் கொடுத்தவர்களே எலிசபெத் அரசியின் அமைச்சர் வால்சிங்காமின் ஆட்கள் என்பதை மேரி அறியவில்லை. ஒவ்வொரு கடிதமும் தோமஸ் ஃபெலிப்ஸ் என்னும் வல்லுநரின் மேசைக்குச் சென்று, வாசிக்கப்பட்ட பின்னரே உரியவரைச் சேர்ந்தது. ஃபெலிப்ஸ் வாசித்ததோடு நிற்கவில்லை. மேரியின் கடிதத்தின் அடியில், அதே குறிகளால், சதியில் ஈடுபட்ட அறுவரின் பெயர்களைக் கேட்டுச் சில வரிகளைத் தாமே சேர்த்துவிட்டார். ஒற்றுக் கேட்பது ஒருவகைத் தாக்குதல். அடுத்தவர் குரலில் பேசுவது அதனினும் கொடியது. தம் மறையெழுத்தை நம்பி மனந்திறந்து எழுதிய மேரி 1587 பெப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்டார். மறைப்பே இல்லாதிருந்தால் அவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பாரா என்று நாம் எண்ணாமல் இருக்க இயலவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியரின் எனிக்மா இயந்திரத்தில் எந்த எழுத்தும் தானாகவே மாறி வராது. செய்தியில் வானிலை அறிக்கைச் சொற்கள் இருக்கும் என ஊகித்து, அவை எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்ப்பதற்கு இச்சிறு குறையே பிரித்தானியருக்குத் துணையாயிற்று.

இனிக் கணினிக்கு வருவோம். 1977 இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற 'டெஸ்' முறைக்கு ஏறத்தாழ 720 கோடி கோடித் திறவுகோல்கள் உண்டு. மனிதர் முயன்றால் யுகங்கள் போதா. ஆயினும் 1998 இல், இதற்கெனவே அமைக்கப்பட்ட ஒரு பொறி 56 மணி நேரத்தில் சரியான திறவுகோலைக் கண்டுபிடித்தது. அதனை அமைக்க இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைவாகவே செலவாயிற்று. கணக்கை உடைக்காமலே தாக்கவும் வழியுண்டு. கணினி ஒரு மறைக்கணக்கைச் செய்ய எடுக்கும் நேரத்தை நுணுக்கமாக அளந்தே திறவுகோலை ஊகிக்கலாம் என 1996 இல் போல் கோச்சர் காட்டினார். பூட்டைத் தொடாது, உள்ளே சாவி திரும்பும் ஓசையைக் கேட்பது போன்றது இது.

1988 நவம்பரில் இணையத்தில் பரவிய 'மோரிஸ் புழு' இவ்வளவு நுட்பத்தையும் நாடவில்லை. மென்பொருட் குறைகளின் வழியே நுழைந்ததோடு, பயனாளரின் பெயரையும், தன்னிடமிருந்த 432 சொற்களையும் கடவுச்சொல்லாக இட்டுப் பார்த்தது. பலருடைய கதவுகள் திறந்துகொண்டன! பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கடவுச்சொல்லாக வைத்திருக்கும் பெற்றோர் இதனைச் சற்றே நினைத்துப் பார்ப்பார்களாக.

மறையெழுத்து எவ்வளவு வலிதாயினும் அதன் இருமுனையிலும் மனிதரே இருக்கின்றனர். ஆங்கிலத்தில் கடிதமோ அழைப்போ வந்தால் பிள்ளைகளே விளக்கிச் சொல்லும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. பிள்ளை பள்ளிக்குச் சென்றிருக்கும் வேளையில், "வங்கியிலிருந்து பேசுகிறோம், கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கங்களைச் சொல்லுங்கள்" என ஒருவர் அம்மம்மாவிடம் கேட்கக்கூடும். அதுவும் ஃபெலிப்ஸ் சேர்த்த வரிகளைப் போன்றதே. அவ்விலக்கங்களை எவரிடமும் சொல்லாது தொலைபேசியை வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்குத் தாமே அழைத்துக் கேட்குமாறு அவருக்கு இன்றிரவே சொல்லிக்கொடுங்கள்.